சிதறிய உரையாடலும் தொகுக்கும் நெறியும்: 2015 வெள்ளக்காலத் தாம்பரம் வட்டாரச் சமூக ஊடகப் பதிவுகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளைப் பற்றிய உரையாடல் ட்விட்டர், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எனப் பல பகிர்வுச் சேவைகளில் துண்டு துண்டாக நிகழ்ந்தது. ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது செய்தியின் சொற்கள் பெரும்பாலும் மாறவில்லை. அச்சொற்களுக்குப் பொருள் தந்த கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையே உதிர்ந்தன. அவ்வாறு உதிர்ந்த துண்டுகளை ஹேஷ்டேக் கொண்டு மட்டும் தொகுத்தால் தாம்பரம் வட்டாரத்தின் வெள்ளம் ‘சென்னை வெள்ளம்’ என்னும் ஒற்றைக் கதைக்குள் மறைந்துவிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகள் சிலவற்றையும் சங்கத் தொகை மரபையும் துணைக்கொண்டு இச்சிதைவை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தகைய பதிவுகளைத் தொகுப்பதற்கான நெறி ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், 2015 வெள்ளம், சமூக ஊடகம், செய்யுளியல், தொகை, களன், காலம், மாட்டு.

1. முன்னுரை

2015 டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்திற்குப் பணியாளர்கள் சென்றுசேர இயலாததே காரணம். 1878இல் தொடங்கிய அவ்விதழின் வரலாற்றில் அதுவே முதல்முறை. செய்தி மக்களைச் சென்றடைய வேண்டிய நாளில் அச்சு ஊடகம் தடைப்பட, அவ்விடத்தைக் கைப்பேசி நிரப்பியது. மின்சாரமும் அலைபேசிக் கோபுரங்களும் பல பகுதிகளில் செயலிழந்த நிலையிலும், இணைப்புக் கிடைத்த சில நிமிடங்களில் மக்கள் எழுதினர், பேசினர், படம் எடுத்து அனுப்பினர்.

இவ்வுரையாடலைக் குறித்து எழுதப்படுவனவற்றில் இரண்டு போக்குகள் மிகுதி. ஒன்று, சமூக ஊடகம் உயிர்களைக் காத்தது என்னும் பாராட்டு. மற்றொன்று, அது வதந்தியைப் பரப்பியது என்னும் குற்றச்சாட்டு. இரண்டும் உரையாடலின் விளைவைப் பேசுகின்றனவேயன்றி அதன் அமைப்பைப் பேசவில்லை. ஒரே செய்தி ஓரிடத்தில் உயிர்காக்கும் தகவலாகவும் வேறோரிடத்தில் வதந்தியாகவும் நின்றது ஏன் என்னும் வினாவுக்கு அமைப்பை ஆராய்ந்தே விடை காண இயலும். அதற்குரிய கருவிகள் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. மாத்திரை, எழுத்து, அசை எனத் தொடங்கும் அவ்வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம், துறை, மாட்டு ஆகியனவும் இடம்பெறுகின்றன. ஒரு கூற்றை யார் நிகழ்த்தினார், யார் கேட்டார், எங்கு, எப்பொழுது என்பனவற்றைச் செய்யுளுக்குப் புறம்பான செய்திகளாகக் கருதாமல் அதன் உறுப்புகளாகவே கொண்டது அம்மரபு. வெள்ளக்கால வேண்டுகோள்கள் செய்யுள் ஆகா. அவற்றைக் கவிதையாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. குறுகிய வடிவில் தனித்து நிற்கும் கூற்று எவ்வாறு பொருள் தருகிறது என்னும் சிக்கல் இரண்டிற்கும் பொதுவானது. அப்பொதுமை அளவிலேயே இவ்வொப்பீடு மேற்கொள்ளப்படுகிறது.

2. ஆய்வுக்களம்: மழையும் ஊர்ப்பெயரும்

டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.; சென்னை நகரின் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நகரின் மையத்தைக் காட்டிலும் தெற்குப் புறநகரிலேயே மழை மிகுதி என்பது இவ்வெண்களால் விளங்கும்.

ஆயினும் அன்று தாம்பரம் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இல்லை. அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகராட்சி. அதனை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் ஊராட்சிகள். பெருங்களத்தூரும் சிட்லபாக்கமும் பேரூராட்சிகள். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரிலும் தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரிலும் உருவாயின. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்த அம்மாநகராட்சியில் அப்போதும் முடிச்சூர் சேரவில்லை. ஆகவே 2015இல் மேற்குத் தாம்பரத்தில் ஒரு தெருவைக் கடந்தாலே பொறுப்புடைய அலுவலகம் மாறியது. சென்னை மாநகராட்சியின் 1913 என்னும் புகார் எண் அக்காலத்தில் பரவலாகப் பகிரப்பட்டது. எனினும் முடிச்சூரில் இருந்தவருக்கு அது உரிய அலுவலகத்தின் எண் அன்று.

நீரின் வழியும் இவ்வாறே வேறுபட்டது. அடையாற்றின் வெள்ளம் என்றவுடன் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி அளவில் வெளியேற்றப்பட்ட நீரே நினைவுக்கு வருகிறது. அந்நீர் திருநீர்மலைப் பகுதியில் அடையாற்றுடன் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அக்கலப்பிடத்துக்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் அமைந்தவை. அவ்வூர்களுக்கு நீர் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீர்ப் போக்கிலிருந்து. டிசம்பர் பெருவெள்ளத்துக்கு இரு வாரங்களுக்கு முன்பே, நவம்பர் நடுப்பகுதியில், முடிச்சூர் நீரில் மூழ்கியதும் நினைவுகொள்ளத்தக்கது. ஆக, தாம்பரத்தின் மேற்கே நிகழ்ந்த வெள்ளமும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நிகழ்ந்த வெள்ளமும் ஒரே ஆற்றைச் சார்ந்தவையாயினும் காரணத்தாலும் காலத்தாலும் வேறானவை. இவ்வேறுபாட்டை உரையாடல் எவ்வாறு காத்தது, எங்கு இழந்தது என்பதே தொடர்ந்து ஆராயப்படுகிறது.

3. பகிர்தலில் உதிர்வன

3.1 காலம்

‘இரண்டாம் மாடியில் முதியோர் இருவர் உள்ளனர், படகு தேவை, உடனே பகிரவும்’ என்னும் அமைப்பிலான வேண்டுகோள்கள் அந்நாட்களில் எண்ணற்றவை. இவ்வமைப்பில் வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. எழுதப்பட்ட கணத்தில் அது உண்மை. முதியோர் மீட்கப்பட்ட பின்னரும் செய்தி நிகழ்காலத்திலேயே தொடர்ந்து சுற்றுகிறது. ‘மீட்கப்பட்டனர்’ என்னும் மறுசெய்தி முதற்செய்தி சென்ற வழிகளிலெல்லாம் செல்வதில்லை. வேண்டுகோளைப் பகிர்வதில் உள்ள அவசரம் முடிவைப் பகிர்வதில் இல்லை. எனவே தன்னார்வலர்கள் ஒவ்வொரு செய்திக்கும் தொலைபேசியில் அழைத்து நிலைமையை உறுதிசெய்ய வேண்டியதாயிற்று. அவ்வாறு உறுதிசெய்யாமல் அனுப்பப்படும் படகு, காலியான வீட்டுக்குச் செல்லும். காத்திருக்கும் வீட்டுக்குச் செல்லாது. காலம் என்னும் உறுப்பு உதிர்வதன் விலை இது.

சுட்டுச் சொற்களும் இவ்வாறே ஆகின்றன. ‘இன்றிரவு ஏரி திறக்கப்படும்’ என்னும் தொடர் நவம்பர் 30இல் ஒரு பொருளும் டிசம்பர் 3இல் வேறு பொருளும் தரும். இகரச் சுட்டு பேசுவோனின் இடத்தையும் நேரத்தையும் பற்றி நிற்பது. பேசுவோன் மறைந்தால் சுட்டு படிப்போனின் இடத்தையும் நேரத்தையும் பற்றிக்கொள்கிறது. சுட்டு இடம்மாறுவதால், பழைய எச்சரிக்கை ஒரு சொல்லும் திருத்தப்படாமலே புதிய அச்சமாகிறது.

3.2 கூற்று

வாட்ஸ்அப் சேவையில் ஒரு செய்தி முன்னனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் குறி 2018 ஜூலையில்தான் அறிமுகமாயிற்று. 2015இல் அக்குறி இல்லை. ஒருவர் பெற்ற செய்தியை மற்றொரு குழுவுக்கு அனுப்பினால், அக்குழுவினருக்கு அது அனுப்பியவரின் சொந்தக் கூற்றாகவே தோன்றியது. நேரில் கண்டவரின் கூற்றும், கேட்டவரின் கூற்றும், கேட்டதைக் கேட்டவரின் கூற்றும் திரையில் ஒரே தோற்றம் கொண்டன.

அயல்நாடுகளிலும் பிற நகரங்களிலும் வாழ்ந்த மக்கள் தாம்பரம் பகுதியில் தனித்திருந்த பெற்றோருக்காக விடுத்த வேண்டுகோள்கள் இதற்குத் தக்க சான்று. பேசுவோர் களத்தில் இல்லை. களத்தில் இருப்போர் பேச இயலாத நிலையில் உள்ளனர். அகமரபில் தலைவிக்காகத் தோழி பேசும்போது அது தோழி கூற்று எனத் துறைக்குறிப்பால் அறியப்படுகிறது. இங்கோ அவ்வறிகுறி இன்மையால், மகன் கூற்று தாயின் கூற்றாகவே கொள்ளப்பட்டு, கடைசித் தொலைபேசி உரையாடலின்போது இருந்த நிலை இப்போதைய நிலையாகப் பரவியது.

3.3 கேட்போர்

வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை அன்று 100ஐத் தாண்ட இயலாது. 2016இல்தான் அது 256 ஆயிற்று. எனவே ஒரு பெரிய குடியிருப்புக்கே பல குழுக்கள் தேவைப்பட்டன. தெருக்காரர்களுக்கென எழுதப்படும் செய்தியில் ஊர்ப்பெயர் இராது. ‘பிள்ளையார் கோயில் அருகே இடுப்பளவு நீர்’ என்றாலே போதும். கேட்போர் யார் என்பது தெரிந்திருப்பதால் களன் சொல்லாமலே விளங்குகிறது. அச்செய்தி குழுவை விட்டு வெளியேறியதும் கேட்போர் மாறுகின்றனர். எந்தப் பிள்ளையார் கோயில் என்னும் வினா எழுகிறது. தென்சென்னைப் புறநகரில் அவ்வடையாளம் பொருந்தாத தெரு அரிது. செய்யுளியல் ‘முன்னம்’ எனக் கூறுவது இத்தகைய குறிப்பையே: இவ்விடத்தில் இப்பேச்சு இன்னாருக்கு உரியது எனக் கேட்போர் உணர்ந்துகொள்ளுதல். பகிர்தல் முன்னத்தை முறிக்கிறது.

4. எழுத்தெண்ணிக்கையும் மொழித்தேர்வும்

சேவைகளின் தொழில்நுட்ப அமைப்பு உரையாடலின் மொழியையும் தீர்மானித்தது. 2015இல் ட்விட்டர் பதிவுக்கு 140 எழுத்துருக்களே எல்லை. 280 ஆக உயர்ந்தது 2017 நவம்பரில். ஒருங்குறி முறையில் தமிழின் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு எழுத்துருக்களாக எண்ணப்படுகின்றன. ‘தாம்பரம்’ என்பது தமிழ் இலக்கணப்படி 5 எழுத்து. ட்விட்டரின் கணக்கில் 8. ‘முடிச்சூர்’ என்பதும் 5 எழுத்து, அக்கணக்கில் 10. முகவரி, பத்து இலக்கத் தொலைபேசி எண், ஹேஷ்டேக் ஆகியன இடம்பெற்ற பின் தமிழில் எழுத எஞ்சிய இடம் மிகச் சிறிது. உரோமன் எழுத்தில் எழுதுவோருக்கு இச்சுருக்கம் இல்லை.

இதனோடு, பரவலாகப் பயன்பட்ட ‘சென்னை ஃபிளட்ஸ்’, ‘சென்னை ரெயின்ஸ்’, ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ ஆகிய ஹேஷ்டேக்குகள் ஆங்கிலத்தில் அமைந்தமையும் சேர்த்து நோக்கத்தக்கது. பொதுவெளியான ட்விட்டரில் ஆங்கிலம் முன்நின்றது. தமிழ் உரையாடல் வாட்ஸ்அப்பின் மூடிய குழுக்களிலும் குறிப்பாகக் குரல்பதிவுகளிலும் தங்கியது. தட்டச்சு அறியாதோரும் தம் பேச்சு வழக்கிலேயே நிலைமையை உரைக்கக் குரல்பதிவு இடமளித்தது.

ஆய்வாளர்க்கு இது முதன்மையான செய்தி. ட்விட்டர் பதிவுகள் நிரல்வழி எளிதில் திரட்டத்தக்கனவாக இருந்தமையால் 2015 வெள்ளம் குறித்த கணினிசார் ஆய்வுகள் அவற்றையே நாடின. எளிதில் கிடைத்தது எதுவோ அதுவே உரையாடல் எனக் கொள்ளப்படும்போது, ஆங்கிலத்தில் எழுதக்கூடிய, பொதுவெளியில் பேசக்கூடிய பிரிவினரின் குரலே வெள்ளத்தின் குரலாகிறது. அவ்வாய்ப்பும் நிலைக்கவில்லை, ட்விட்டர் 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய அதே ஆண்டில் ஆய்வாளர்க்கான கட்டணமில்லா அணுக்கம் நிறுத்தப்பட்டது.

5. ஹேஷ்டேக் என்னும் தொகை

சிதறியவற்றை ஒருங்குசேர்க்க அன்று இருந்த கருவி ஹேஷ்டேக். அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. உதவி நாடுவோரையும் உதவுவோரையும் அது இணைத்தது. ஆயின் அது ஒரு தொகுப்பு நெறியும் ஆகும். ஆகவே திறனாய்வுக்கு உரியது.

எட்டுத்தொகை நூல்களும் பலர் பலவிடத்துப் பாடிய தனிப்பாடல்களைச் சேர்த்தமைத்தவையே. தொகுத்தோர் பாடல்களை ஒரு பெயரின்கீழ்க் குவித்ததோடு நிற்கவில்லை. அகப்பாடல்களில் யார் கூற்று, எச்சூழலில் என்பதும், புறநானூற்றில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்பனவும் குறிப்புகளாக உடன்செல்கின்றன. இயற்பெயர் அறியப்படாத புலவர்க்கும் அவர்தம் பாடலில் உள்ள தொடரையே பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர்பெற்றவர். இக்குறிப்புகளின் காலமும் நம்பகமும் ஆய்வாளரிடையே விவாதத்துக்கு உரியன. இருப்பினும், சூழலின்றித் துண்டு நில்லாது என்னும் அறிவு அத்தொகுப்பு முயற்சியில் வெளிப்படுகிறது.

ஹேஷ்டேக்கில் இவ்வறிவு இல்லை. ‘சென்னை’ என்னும் ஒரு சொல்லே அங்குத் திணையும் துறையும். மாநகராட்சிக்கு வெளியே, வேறு மாவட்டத்தில், வேறு ஏரிகளின் நீரில் மூழ்கிய ஊர்களும் அச்சொல்லில் அடங்கின. இதன் விளைவு இருவகை. உதவி நாடும் நேரத்தில், பலரும் அறிந்த பெயரின்கீழ் நின்றமையால் முடிச்சூர் கவனம் பெற்றது, இது நன்மை. பொறுப்பு நாடும் நேரத்தில், வெள்ளத்தின் காரணம் செம்பரம்பாக்கம் என்னும் ஒன்றாகச் சுருங்கியமையால், ஆதனூரிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் நீர் வரும் கால்வாய்களின் நிலை பொது விவாதத்தில் பின்தங்கியது, இது இழப்பு.

இச்சுருக்கம் அச்சு நூல்களையும் தொட்டது. 2019இல் வெளிவந்த கிருபா ஜியின் ‘ரிவர்ஸ் ரிமெம்பர்’ என்னும் ஆங்கில நூல் இவ்வெள்ளத்தை ஆராய்கிறது; அதன் துணைத்தலைப்பில் ‘சென்னை ரெயின்ஸ்’ ஹேஷ்டேக்காகவே இடம்பெறுகிறது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கையோ ‘சென்னையும் அதன் புறநகர்ப் பகுதிகளும்’ என இரண்டையும் பிரித்துக் கூறுகிறது. தலைப்பு அளவிலேயே அலுவலகத் தமிழ் காத்த வேறுபாட்டை ஹேஷ்டேக் காக்கவில்லை.

ஹேஷ்டேக்குக்கு மாற்றான முயற்சி ஒன்றும் அப்போதே நிகழ்ந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடித்தளத்தில் அமைந்த வெள்ள வரைபடத்தில், நீர் தேங்கிய தெருவைப் பொதுமக்களே சுட்டிக் குறித்தனர். அங்கு ஒவ்வொரு பதிவும் ஓர் இடத்தோடு பிணைந்தே நின்றது. களனைத் தொகுப்பின் அடிப்படையாகக் கொண்டமையே அவ்வரைபடத்தின் வலிமை.

6. ஒரே சொல், இரண்டு காலம்: முதலைச் செய்தி

2015 வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன எனச் செய்தி பரவியது. பண்ணையினர் மறுத்தனர், அது வதந்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை கடந்துசெல்லும் காணொலி பரவியது. அது உண்மை. அப்பகுதி நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் வாழ்வதை வனத்துறைத் தரப்பும் விளக்கியது.

2015இன் செய்தியை நினைவில் கொண்டவர் 2023இன் காணொலியை ஐயுறுவர். 2023இன் காணொலியைக் கண்டவர் 2015இன் செய்தியை உண்மை எனக் கொள்வர். ‘முதலை வந்தது’ என்னும் சொல்லளவில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு களனிலும் காலத்திலும் கூற்றிலும் உள்ளது. ஒரு செய்தி வதந்தியா என்பதை அதன் பொருளை மட்டும் கொண்டு முடிவுசெய்யும் ஆய்வுமுறை இங்குத் தோற்கிறது. மேலும் நெடுங்குன்றம் ஏரியைச் சார்ந்து வாழ்வோர்க்கு முதலை புதிதன்று. அவ்வட்டார அறிவு உரையாடலில் இடம்பெற்றிருப்பின் அச்சத்தின் அளவும் வேறாயிருக்கும்.

7. எச்சமும் மாட்டும்: தொகுக்கும் நெறி

சொல்லப்படாது எஞ்சி நிற்பதைச் சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்வது எச்சம். தொலைவிலோ அண்மையிலோ பிரிந்து கிடக்கும் பொருள்களைக் கூட்டி முடிபு கொள்வது மாட்டு. வெள்ளக்கால உரையாடலில் வேண்டுகோள் ஃபேஸ்புக்கிலும், விடை வாட்ஸ்அப்பிலும், உறுதிப்பாடு தொலைபேசியிலும், முடிவு ட்விட்டரிலும் நிகழ்ந்திருக்கலாம். நான்கும் சேர்ந்ததே ஓர் உரையாடல். இவற்றை மாட்டிப் பொருள்கொள்வது அன்று தன்னார்வலரின் பணி; இன்று ஆய்வாளரின் பணி.

இப்பணிக்கு ஓர் அறச்சிக்கல் உண்டு. வேண்டுகோள்களில் பெயர், முகவரி, தொலைபேசி எண், நோய் விவரம் ஆகியன உள்ளன. கூற்றைக் காக்க வேண்டுமெனில் பேசியவரைக் காட்ட வேண்டும். பேசியவரைக் காக்க வேண்டுமெனில் மறைக்க வேண்டும். இம்முரணுக்கு அகப்புற மரபு வழிகாட்டுகிறது. அகத்திணையில் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. தலைவி, தோழி, செவிலி, கண்டோர் என நிலையே சுட்டப்படுகிறது. பெயரை நீக்கியும் கூற்று முழுமையாக நிற்கிறது. புறத்தில் பெயர் வேண்டும். புகழும் பழியும் பெயரோடு சேர்வன.

இதனை நெறியாகக் கொண்டால், தனிமக்களின் வேண்டுகோள்களை அகநிலையில் வைத்து ‘அயலூர் மகன் கூற்று’, ‘அண்டை வீட்டார் கூற்று’, ‘தன்னார்வலர் கூற்று’ என நிலைப்பெயரால் குறிக்கலாம். அரசு அலுவலகங்களின் அறிவிப்புகளைப் புறநிலையில் வைத்து அலுவலகத்தின் பெயரும் நாளும் நேரமும் தவறாது பதிய வேண்டும். 2015 டிசம்பர் 3 அன்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் பிரதமரின் வான்வழிப் பார்வையிடல் குறித்து ஒட்டி இணைத்த படம் ஒன்றை ட்விட்டரில் வெளியிட்டுப் பின் நீக்கியது. பிறர் எடுத்து வைத்த திரைப்பிடிப்புகளாலேயே அது இன்றும் அறியப்படுகிறது. அலுவலகக் கூற்றின் சான்றே தனிமக்களின் சேமிப்பில் தங்கியிருக்கும்போது, அச்சேமிப்பைத் தொகுப்பது பொறுப்புக் கேட்கும் உரிமையோடும் தொடர்புடையதாகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

ஒன்று, பல சேவைகளில் சிதறும் உரையாடலில் முதலில் இழக்கப்படுவன கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியன. செய்தி பொய்யாவதற்குச் சொல் மாறத் தேவையில்லை. இவ்வுறுப்புகளுள் ஒன்று உதிர்ந்தாலே போதும்.

இரண்டு, ஹேஷ்டேக் வழித் தொகுப்பு 49 செ.மீ. மழை பெய்த தாம்பரத்தையும், தனித்த நீர்வழியைக் கொண்ட முடிச்சூர், வரதராஜபுரம் ஆகியவற்றையும் ‘சென்னை’யில் கரைத்தது. இதனால் வெள்ளத்தின் காரணம் பற்றிய பொது அறிவும் ஒற்றைத்தன்மை எய்தியது.

மூன்று, பொதுவெளிப் பதிவுகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு தமிழில் நிகழ்ந்த உரையாடலின் பெரும்பகுதியைக் காணாது விடுகிறது. மூடிய குழுக்களின் குரல்பதிவுகள், உரியோர் இசைவுடன், துறைக்குறிப்பு இணைத்துத் தொகுக்கப்பட வேண்டும்.

புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்று கிடைக்கவில்லை. அவை இருந்த இடம் எண்ணளவில் தெரிகிறது. தாம்பரம் வட்டாரத்தின் வெள்ளக்காலப் பேச்சுக்கு அத்தகைய வரிசை எண்ணும் இல்லை. கைப்பேசி மாற்றப்படும்போதும் குழு கலைக்கப்படும்போதும் எது மறைந்தது என்பது கூடத் தெரியாமல் அது மறைகிறது. அப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தத்தம் மாணவர் குடும்பங்களிலிருந்தே இத்தொகுப்பைத் தொடங்க இயலும். தொகுக்கப்படும் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் யார், யாருக்கு, எங்கிருந்து, எப்போது என்னும் நான்கு குறிப்புகள் இடம்பெறுவது அதன் முதல் நிபந்தனையாகும்.